நைனாவுக்குப் போட்ட கணக்கு

இன்ஜினியரிங் படித்த யாரையாவது பிடித்து, உங்களுக்குப் பொருளாதாரம் என்று ஒரு பாடம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். மீதிப் பேர், "ஆமா, ஏதோ ஒரு தியரி பேப்பர், முந்தின நாள் கைடு வாங்கிப் படிச்சு பாஸ் பண்ணோம்" என்பார்கள். எனக்கு அந்தப் பாடம் வரிக்கு வரி நினைவிருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் அதைப் படித்துவிட்டு, அதில் சொன்னபடி கணக்குப் போட்டு, என் அப்பாவை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியவன் நான். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பா நைனாதான்.

நைனாவுக்கு ஹார்பரில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு கேங். கப்பலின் வயிற்றுக்குள் ஏணி வைத்து இறங்கி, அங்கே அடுக்கியிருக்கும் மூட்டைகளை வலையில் ஏற்ற வேண்டும். மேலேயிருந்து கிரேன் தூக்கிக்கொள்ளும். உரம் வந்தால் கண் எரியும், சர்க்கரை வந்தால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். காற்று கிடையாது. அதனால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய மாட்டார்கள். ஆறு பேர் தூக்குவார்கள், ஆறு பேர் ஓரமாகப் படுத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் படுத்தவர்கள் எழுந்து தூக்க, தூக்கியவர்கள் படுப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மாத்து. மாத்து வந்தவன் நிஜமாகவே தூங்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கதையடித்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். தூங்குகிறவனின் தலைக்கு மேலே சரக்கு ஆடிக்கொண்டு போகும்போது அதைக் கவனித்துக்கொள்வது வேலை செய்கிறவன் பொறுப்பு. இருபத்தைந்து வருஷமும் நைனா அப்படித்தான் தூங்கினார், அப்படித்தான் மற்றவர்களைத் தூங்க வைத்தார்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மாவை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அந்த ஒற்றை அறை வீட்டில் நானும் நைனாவும்தான். அவர் சோறு வடிப்பார், நான் குழம்பு வைப்பேன். இரண்டு ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் பேச்சு எவ்வளவு இருக்கும்? "துன்னியா?" என்று அவர் கேட்பார். "துன்ட்டேன்" என்று நான் சொல்வேன். அநேகமாக அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கல்லூரியில் அதுகூட இல்லை. கல்லூரி மீஞ்சூர் தாண்டி, பொட்டல் காட்டில் புதிதாகக் கட்டியது. திருவொற்றியூரில் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் மணலி வழியாகப் போய், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பிக்கும்போது பாதி தூரம் வந்திருக்கும். சேர்ந்த முதல் வாரம் ஒரு ஆசிரியர் என்னிடம் புத்தகம் எங்கே என்று கேட்டார். எழுந்து நின்று, "வூட்ல கீது சார்" என்றேன். வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. அண்ணா நகரிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்த பையன்கள் அவர்கள். சினிமாவில் கேட்ட பாஷையைப் பக்கத்து பெஞ்சில் கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து அவர்களுக்கு என் பெயர் 'கீது'. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன். பேருந்தில் கடைசி ஜன்னல், வகுப்பில் கடைசி பெஞ்சு, சாப்பாடு பட்டறைக்குப் பின்னாலுள்ள படிக்கட்டில். பேசாமல் இருந்ததும் திமிர் பிடித்தவன் என்றார்கள். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. நான் தனியாக இருந்தேன், அது எனக்கு வலித்தது. பிடித்துத்தான் தனியாக இருக்கிறேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பொருளாதாரப் பாடம் மூன்றாம் வருஷத்தில் வந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் வகுப்பு அதற்கு. எடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியாக இருப்பார், எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கல்லூரி முழுக்கப் பொருளாதாரம் படித்த ஒரே மனிதர் அவர்தான். மெக்கானிக்கல் பையன்களுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று மற்ற ஆசிரியர்களே கேலி செய்வார்கள். அவர் தேவை, அளிப்பு என்று பலகையில் கோடுகள் போட்டுக்கொண்டே போவார். முன்பெஞ்சு தூங்கும், பின்பெஞ்சு வேறு பாடத்துக்கு ரெக்கார்டு எழுதும்.

ஒருநாள் அவர் உழைப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு வேலையில் ஆளைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு புது ஆளும் உற்பத்தியை முந்தைய ஆளைவிடக் கொஞ்சம் குறைவாகவே கூட்டுவான். ஒரு கட்டத்தில் புதிதாக வருகிறவனால் எதுவும் கூடாது. அவனுடைய மார்ஜினல் புராடக்ட் பூஜ்யம். பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். எனக்கு உடனே நைனாவின் கேங் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கையைத் தூக்கினேன்.

"சார், பன்னிரண்டு பேர் இருக்காங்க. ஒரு நேரத்துல ஆறு பேர்தான் வேலை செய்யறாங்க. மீதி ஆறு பேர் தூங்கறாங்க. அவங்க கணக்கு என்ன சார்?" நிறுத்தி நிதானமாக, ஒரு 'கீது' வராமல் கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. முன்பெஞ்சில் ஒருவன், "நம்ம கிளாஸ் மாதிரியா?" என்றான். அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தார். எங்கே, என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஆறு பேரை எடுத்துட்டாலும் அதே மூட்டை ஏறும்னா, அந்த ஆறு பேர் கூட்டுறது பூஜ்யம். மறைமுக வேலையின்மைன்னு சொல்லுவோம். பார்க்க வேலையில இருக்கற மாதிரி இருக்கும்" என்றார். வகுப்பு முடிந்து போகும்போது என் தோளைத் தொட்டு, "இந்தக் காலேஜ்ல என்னை ஒருத்தர் கேட்ட முதல் நல்ல கேள்வி இது" என்றார்.

இன்றைக்கு யோசித்தால் அந்தப் பதிலில் இருந்த ஓட்டை தெரிகிறது. ஆறு பேரை எடுத்துவிட்டால் அடுத்த மணி நேரம் யார் தூக்குவது? அதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதர் என் தோளைத் தொட்டு நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டார், அது போதுமாக இருந்தது. நோட்டில் 'பூஜ்யம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்கப்புறம் அந்த ஒரு வகுப்பில் மட்டும் இரண்டாவது பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் கைடு வாங்கியபோது நான் நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துப் படித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹார்பரில் விருப்ப ஓய்வு என்று பேச்சு எழுந்தது. சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டியில் வர ஆரம்பித்துவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நின்றன; கப்பலின் வயிற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், இல்லாவிட்டால் அறுபது வரை இருக்கலாம் என்று தாள் கொடுத்தார்கள். நைனாவுக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருந்தார். அப்புறம் என் புத்தகத்தின்மேல் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா போட்டுகிறான் பாரு" என்றார்.

படித்துச் சொன்னேன். மாசக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

"நீ இன்னா நைனா நெனைக்கிறே?"

"எனுக்கு இன்னா தெரியும்? கேங்ல நாலு பேரு போட்டுட்டாங்க. மூணு பேரு மாட்டேன்றாங்க. நீ பட்ச்சவன், நீ சொல்லு."

அதே வாரம் பொருளாதார வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். பிரசென்ட் வொர்த் என்ற முறையைப் பயன்படுத்தி, இரண்டு வழிகளில் எது லாபம் என்று ஒரு முடிவை ஆராய்ந்து எழுத வேண்டும். இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நாளைக்குக் கிடைக்கப் போகிற ரூபாயை இன்றைக்குக் கையில் இருக்கிற ரூபாய்க்குச் சமமாக எண்ணக் கூடாது. வட்டியைக் கழித்து, அதன் இன்றைய மதிப்பு என்ன என்று பார்க்க வேண்டும். அடுத்த வருஷச் சம்பளம் கொஞ்சம் சிறுக்கும், அதற்கடுத்தது இன்னும் சிறுக்கும், எட்டாவது வருஷச் சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எல்லாரும் புத்தகத்தில் உள்ள கணக்கையே எடுத்துக்கொண்டார்கள்: பழைய லேத்தை வைத்திருப்பதா, புது லேத் வாங்குவதா. நான் நைனாவை எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் விடுமுறை வந்தது. மூன்று நாளும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை மேஜையைவிட்டு எழவில்லை. வட்டி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமாகச் சுருக்கினேன். நைனா டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். எதிர்வீட்டு அக்கா வந்து ஏதோ பேச ஆரம்பித்ததும், "சொம்மா இரு, புள்ள வேலையா கீறான்" என்று அவர் அடக்கியது கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் படிப்பு முதல்முறையாக வீட்டுக்கு உதவுகிறது என்று நினைத்தேன்.

கணக்கு அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளச் சொன்னது. வித்தியாசம் ரொம்பப் பெரிதில்லை, ஆனாலும் வாங்கிக்கொள்வது லாபம். கடைசிப் பக்கத்தில், பணத்தால் அளக்க முடியாத நன்மைகள் என்று ஒரு தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே ஓய்வு என்று எழுதினேன். கடினமான உடல் உழைப்பிலிருந்து எட்டு வருஷம் முன்பே ஓய்வு கிடைக்கிறது, இதையும் சேர்த்தால் இரண்டாவது வழியே சிறந்தது என்று முடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஓய்வை லாபப் பக்கத்தில் எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

நைனாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நல்லா பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் நைனா."

என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து பெரிதாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இருக்கும். எனக்கு அந்த வேலைக்குப் பத்துக்கு ஒன்பதரை கிடைத்தது. ஓய்வு என்று நான் எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

வேலையை விட்டு வந்த முதல் மாதம் நைனா நன்றாகத்தான் இருந்தார். கதவுக்கு வர்ணம் அடித்தார். காசிமேட்டுக்குப் போய் இரண்டு பேருக்கு ஆறு பேர் சாப்பிடுகிற அளவு மீன் வாங்கிவந்தார். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், ஒரு வாரத்தில் அதையே மறுபடியும் கழற்றினார். இரண்டாவது மாதத்தில் செய்ய ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டிப்போனது, கண் சிவந்திருந்தது. குடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். எதிர்வீட்டு அக்காதான் ஒருநாள் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க நைனாவுக்கு இன்னாச்சு? மத்தியானத்துல பாயைப் போட்றாரு, சுருட்றாரு. மறுபடி போட்றாரு. அப்பால எயுந்து கல்மண்டபம் வரைக்கும் போயி, லாரி போறத பாத்துகினு நிக்கிறாரு. கேட்டா, தூக்கம் வரல, இன்னா பண்ணச் சொல்றேன்றாரு."

மூட்டை தூக்கிய மனிதருக்குத் தூக்கம் வராமல் போகுமா? எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் போட்டுவிட்டு, தலை கனக்குது என்று நிறுத்திவிட்டார்.

புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் மேஜையில் மிஷின் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா என் காலடியில் பாயை விரித்துப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்தது. இரண்டு மாதமாக நான் கேட்காத குறட்டை. ஒரு மணி நேரம் இருக்கும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கு அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சிதா? செரி, நீ படு" என்றார்.

"எனக்குத் தூக்கம் வரல நைனா."

"படு, படு. நான் கீறேன்."

எனக்காகப் பாயைத் தட்டிப் போட்டார். நான் படுத்ததும் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அந்த வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, சுற்றுகிற மின்விசிறியைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தால்தான் அவருக்குத் தூக்கம். இருபத்தைந்து வருஷம் பகலில் வேறெப்படியும் அவர் தூங்கியதில்லை. யாருமே வேலை செய்யாத வீட்டில் எட்டு வருஷ ஓய்வை நான் அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் கல்லூரியில் பொருளாதார ஆசிரியரைத் தேடிப் போனேன். டிராயிங் ஹாலுக்குப் பக்கத்தில், பழைய நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில் அவருக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனாவைப் பற்றிச் சொன்னேன். ஓய்வுக்கு மதிப்பு எப்படிப் போடுவது, அது நஷ்டமாக இருந்தால் கணக்கில் எங்கே எழுதுவது என்று கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அதுக்கு எங்ககிட்ட ஃபார்முலா இல்லப்பா. மற்றவை மாறாதிருக்கும்போதுன்னு ஒரு வரி எழுதிட்டுத்தான் எந்தக் கணக்கையும் ஆரம்பிப்போம். நீ போட்டதுல அந்த மற்றவைதான் பெருசு" என்றார். டப்பாவை மூடிக்கொண்டே, "நான் மிக நன்றுன்னு வேற எழுதித் தொலைச்சேன்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த வருஷம் அவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். பாடத்தை ஒரு மெக்கானிக்கல் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. மத்தியானத்தில் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். படிக்க இருந்தால் படிப்பேன். இல்லாவிட்டால் பழைய நோட்டில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். கோடு போடுகிற சத்தம் கேட்டால் போதும், நைனா தூங்கிவிடுவார். பரீட்சை லீவில் தினமும் இரண்டு மணி நேரம் அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். பக்கம் பக்கமாகக் கோடு. அதை யாராவது பார்த்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சொல்லத்தான் வேண்டும், கல்லூரியில் ஒரு ஆளும் பேசாத அந்த நாட்களில், என் பக்கத்தில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது எனக்கும் துணையாகத்தான் இருந்தது.

நாலாம் வருஷக் கடைசியில் எனக்குப் பூனாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சென்னையில் கிடைக்கும் என்று மூன்று மாதம் அலைந்து பார்த்தேன். மணலியிலும் எண்ணூரிலும் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. பூனாவிலிருந்து வந்த கடிதத்தை நைனாவிடம் காட்டியபோது, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போய்ட்டு வா" என்றார்.

"நீ தனியா இன்னா பண்ணுவே?"

"எனுக்கு இன்னா?"

என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் போட்ட கணக்கு தப்பு நைனா. உன்ன கையெழுத்துப் போட வெச்சிருக்கக் கூடாது."

அவர் சிரித்தார். "உன் கணக்கு எவனுக்குடா புரிஞ்சிது? மூணு நாளு குந்தின எடத்துல குந்திகினு எய்திகினே இருந்தே. செரி, இவன் வேலைக்கு எறங்கிட்டான், இனிமே நம்ப மாத்துன்னு நெனச்சேன். அதான் போட்டேன்."

என்னை நம்பித்தான் அவர் வேலையை விட்டிருக்கிறார். வட்டி அட்டவணைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பக்கத்தில் இருந்து வேலை செய்வேன், தான் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நான் ரயிலேறப் போகிறேன். எழுந்து போய்ச் சோறு வைத்தேன்.

விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் நைனா தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு, நான் கிளம்புவதற்கு முன் ஒரு டெலிபோன் வாங்கி வைத்ததுதான். பூனாவில் சேர்ந்து முதல் சம்பளத்தில் நான் ஒரு பழைய செல்போன் வாங்கினேன். ஆறு பேர் தங்கியிருந்த அறையில் எனக்கு ஒரு கட்டில். மற்ற ஐந்து பேரும் இந்திக்காரர்கள். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. கல்லூரியில் பேசினால் சிரிக்கவாவது செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கேயாவது கிளம்பிப் போய்விடுவார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் இரண்டு மணிக்கு நைனாவின் போன் வரும்.

"துன்னியா?"

"துன்ட்டேன்."

"இன்னா பண்ணிகினு கீறே?"

முதல் இரண்டு வாரம் சும்மா இருக்கிறேன் என்றேன். செரி, செரி என்று இழுத்தார், வைக்காமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் நிஜமாகவே ஒரு வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். "வேலையா கீறேன் நைனா" என்றேன். "அப்ப செய்யி, நான் படுக்கறேன்" என்று உடனே வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. ராயபுரத்தில் பாயை விரிக்கிற மனிதருக்குப் பூனாவில் ஒருவன் வேலை செய்தால் போதுமாக இருந்திருக்கிறது. அதற்கப்புறம் எந்த ஞாயிறு கேட்டாலும் வேலையாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னேன். பல மாதம் இப்படிப் பொய் சொன்னேன்.

ஒரு வாரம் தொழிற்சாலையில் ஆள் பற்றாமல் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜுரத்தோடு கிடந்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. இரண்டு மணிக்குப் போன் வந்தது.

"இன்னா பண்ணிகினு கீறே?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "படுத்துகினு கீறேன் நைனா. ஒடம்பு முடியல. தூக்கமும் வரல."

 அந்தப் பக்கம் ராயபுரத்துத் தெருவில் லாரி ஹாரன் அடிப்பது கேட்டது.

"செரி, நீ தூங்கு. நான் முயிச்சிகினு கீறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. பூனாவுக்கு வந்ததிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது, உடம்பெல்லாம் வியர்த்து ஜுரம் விட்டிருந்தது. மணி ஆறு. பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் நைனா எடுத்துவிட்டார்.

"எயுந்துட்டியா?"

"எயுந்துட்டேன் நைனா."

"செரி. அப்ப நான் படுக்கறேன்" என்றார்.